இனிமேல் கேட்பது உன் முறை

ஜெர்மன் மொழியில் எனக்கு ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். ஏரிக்கரையில் ஒரு வீடு, பின்பக்கம் ஆப்பிள் மரம், சாயங்காலமானால் ஏரியைச் சுற்றி நடை. தமிழில் எனக்கு இருந்தது டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை ஃபிளாட்டும், பால்கனியைக் குப்பைத்தொட்டியாக்கும் புறாக்களும். இந்தியில் அதுகூடக் கிடையாது. இந்தியில் நான் காய்கறி வண்டிக்காரரிடம் சண்டை பிடிக்கும் ஒரு பெண்மணி, அவ்வளவுதான்.

இதை யாரும் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. அயல்மொழி சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இப்படி ஓர் இரண்டாவது குடித்தனம் தானாக அமைந்துவிடும். 'வீடு' பாடம் வந்தால் என் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், 'குடும்பம்' பாடம் வந்தால் குடும்பத்தைப் பற்றி. ஒவ்வொரு குழுவிடமும் அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போய், ஒருநாள் வாய் தவறி ஏரி என்றேன். அடுத்த குழுவுக்கு ஆப்பிள் மரம் வந்தது. நாய் எப்போது வந்தது என்று ஞாபகமில்லை. உண்மையில் நான் ஜெர்மனிக்குப் போனதே இல்லை. மாலை வகுப்பில் மொழியைக் கற்று, துணி துவைக்கும் மெஷின்களின் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைத்தவள். பிறகு வீட்டிலேயே பேச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பேச வராதவர்கள் என்னிடம் வந்தால் பேசிவிடுவார்கள் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது.

டெல்லியின் குளிர்கால மதியங்கள் இந்த மாதிரி இரட்டைக் குடித்தனத்துக்கென்றே செய்தவை. புகையும் பனியும் கலந்து எதிர் பிளாக் பாதி மறைந்திருக்கும். இரண்டரை மணிக்குப் பால்கனியில் ஒரு முழம் வெயில் விழும். நாற்காலியை அந்த வெயிலோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எதிரே இருப்பது ஏரி என்று நம்ப அதிகம் மெனக்கெட வேண்டாம். அப்படி நான் பாதித் தூக்கத்தில் இருந்த ஒரு மதியத்தில்தான் அவள் வந்து மணி அடித்தாள்.

"அக்கா, நான் கீழ செகண்ட் ஃப்ளோர்ல சமைக்கிறேன். நீங்க ஜெர்மன் சொல்லிக் குடுப்பீங்களாமே? எனக்குப் பேசறதுல மட்டும்தான் ஃபெயிலு. மத்ததெல்லாம் டீக்காத்தான் இருக்கு."

பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த மதிப்பெண் தாளை நீட்டினாள். சொன்னது சரிதான். கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றிலும் கௌரவமான எண்கள். பேச்சில் வாங்கியிருந்த எண் மற்ற மூன்றையும் காலைப் பிடித்துக் கீழே இழுத்திருந்தது.

அவளுக்கு இருபத்தேழு வயது. பெற்றோர் விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது பக்கத்தில் திரிலோக்புரியில். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. ஜெர்மன் வார்த்தைகளை எல்லாம் இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். கல்யாணமான ஐந்தாவது மாதம் புருஷன் ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊருக்கு, இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராகப் போய்விட்டார். ஆயிற்று இரண்டு வருஷம். மனைவி அங்கே போய்ச் சேரவேண்டுமென்றால் இந்த ஆரம்ப நிலைத் தேர்வில் தேறவேண்டும், அப்போதுதான் விசா. அதாவது இவளுடைய குடித்தனம் பதினைந்து நிமிஷப் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐந்து வீடுகளில் சமைத்தாள். இரண்டரையிலிருந்து மூன்றரை வரை அவளுக்கு ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே இடைவெளி. அந்த நேரத்துக்கு வரச் சொன்னேன்.

சொல்லிக்கொடுக்க அவளைவிட நல்ல மாணவி கிடைக்கமாட்டாள் என்றுதான் முதல் மாதம் முழுக்க நினைத்தேன். நான் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். காலையில் என்ன சாப்பிட்டாய்? எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்? உனக்கு எத்தனை சகோதரர்கள்? கேள்வி என் வாயைவிட்டு முழுசாக வெளியே வருவதற்குள் டக்கென்று பதில் வந்து நிற்கும், முழு வாக்கியமாக, சுத்தமாக. வெயில் நகரும், நாங்கள் நாற்காலியை நகர்த்துவோம், கேள்வியும் பதிலும் ஊஞ்சல் போல ஒரே சீராகப் போய்வரும். சில நாள் எனக்கே கண் சொருகிவிடும். கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த கேள்விக்காகக் காத்திருப்பாள். இவளை ஃபெயிலாக்கியவனுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டினேன்.

இரண்டாவது முறை தேர்வுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். பேச்சுத் தேர்வுக்குள் போனவள் அரைமணியில் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"என்னதான் ஆச்சு?"

"நாலு பேரு டேபிளைச் சுத்தி உக்காந்தோம் அக்கா. என்னப் பத்திச் சொல்லுன்னாங்க, சொன்னேன். எதிர்ல இருக்கறவரு கேட்டாரு, பதில் சொன்னேன். அப்பறம் என் கையில ஒரு சீட்டு குடுத்தாங்க. அதுல 'சாப்பாடு'ன்னு போட்டிருந்துச்சு. நீ அவரக் கேளுன்னாங்க."

"கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்கறது? கோட்டு போட்டுக்கிட்டு பெரிய ஆபீசர் மாதிரி இருந்தாரு. நான் போயி அவரக் கேள்வி கேக்கறதா?"

"அப்புறம் என்ன செஞ்ச?"

"அவரே கேப்பாருன்னு குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். 'நீங்கள் காலையில் என்ன சாப்பிடுவீர்கள்' என்று ஜெர்மனில் கேட்க ஐந்து வார்த்தை. ஐந்தும் உனக்குத் தெரியும். எழுதச் சொன்னால் எழுதுவாய். கேட்டால் அவர் உன்னைக் கடித்தா விடுவார்? அவருக்கும் உன்னை மாதிரி தேர்வுதான். அவருக்கும் உள்ளே உதறல்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு வீட்டுக்குள்ள போனா அவங்க கேப்பாங்க, நாம சொல்லுவோம் அக்கா. என்ன சமைச்ச, எப்ப வந்த, ஏன் லேட்டு. கேக்கறது எல்லாம் அவங்க பக்கம். எங்க வீட்லயும் அப்டித்தான். மாமியார் கேப்பாங்க, அவரு கேப்பாரு. நான் யாரையும் கேட்டதே இல்ல."

அடுத்து கத்துவதற்கு என்று வைத்திருந்ததை அப்படியே விழுங்கினேன். நாற்பது வகுப்பு முடிந்திருந்தது. நாற்பதிலும் நான்தான் கேட்டேன். ஒருநாள்கூட அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஆறாவது வீட்டு எஜமானியாக நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு சொல்லிக்கொடுப்பதில் எனக்கிருந்த கொழுப்பு அன்றைக்கு ஆட்டோவிலேயே கரைந்துவிட்டது.

மறுநாள் அவள் வந்ததும் சொன்னேன்: "இன்னியிலிருந்து நான் ஒரு கேள்வியும் கேக்கமாட்டேன். இனிமே கேக்கறது உன் முறை. நீ கேட்டாத்தான் வகுப்பு. கேக்கலைன்னா ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போம்."

சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் முழுசாக ஒருமணி நேரம். புறாக்கள் குமுறின, கீழே ஒருவன் பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு போனான், வெயில் அவள் மடியிலிருந்து என் மடிக்கு வந்து பிறகு கைப்பிடிச்சுவரில் ஏறி மறைந்தது. என் நாக்கு நமைச்சல் எடுத்தது. எத்தனை தடவை உதவி செய்ய வாய் வந்தது தெரியுமா! நம்மவர்களுக்கு அது ஒரு பெரிய வியாதி. எதிரே ஒருவர் திக்கினால் போதும், அந்த வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. அதை அன்பு என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் உள்ளங்கையில் நகத்தைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனிதர்களைக் கேட்கக் கூச்சமென்றால் பொருள்களைக் கேள் என்றேன். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. சமையலறைக்குப் போய் மிளகாய்ப்பொடி டப்பாவை ஜெர்மனில் கேட்டாள்: நீ எங்கிருந்து வருகிறாய்? குக்கரைக் கேட்டாள்: நீ எதற்கு இவ்வளவு சத்தம் போடுகிறாய்? புறாவைக் கேட்டாள்: உனக்கு எத்தனை குழந்தைகள்? பதிலை நான் அந்தந்தப் பொருளின் குரலில் சொல்லவேண்டும். நாற்பத்தாறு வயதில் குக்கராகவும் புறாவாகவும் பேசினேன். அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் ஒரு மயக்கம் வருகிறது. இந்தியில் திட்டும் ஊருக்கு நடுவே, தமிழில் பிறந்த இரண்டு பேர், யாருக்கும் புரியாத மொழியில் ஒரு டப்பாவிடம் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமைகளில் எனக்கு ஜனக்புரியில் ஒரு குழு வகுப்பு உண்டு. அவளுக்கும் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு. மெட்ரோவில் என்னோடு வந்து திரும்பட்டும் என்று கூட்டிக்கொண்டேன். பெண்கள் பெட்டியில் மூலை இடமாகப் பார்த்து உட்காருவோம். ரயில் யமுனையைக் கடக்கும்போது பெட்டிக்குள் வெளிச்சம் ஒருமாதிரி மாறும். கீழே கறுப்பாக, நகர்வதே தெரியாமல் தண்ணீர். அவள் ஜன்னலைக் காட்டிக் கேட்பாள்: இந்த ஆறு எங்கே போகிறது? அந்த மனிதர் தண்ணீரில் என்ன தேடுகிறார்? அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு ஒரே சந்தோஷம். டீச்சருக்குத் தெரியாததைத் தான் கேட்டுவிட்டோம் என்ற பெருமை. பிறகு ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும், கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் தெரியும், அவள் கேட்டுக்கொண்டே வருவாள். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தாள்.

ஒரு திங்கட்கிழமை படியேறி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"இன்னிக்கு மேடத்தக் கேட்டுட்டேன் அக்கா!"

"எந்த மேடத்த? என்ன கேட்ட?"

"கீழ் வீட்டு மேடம். 'மேடம், உங்களுக்கு என்ன சாப்பிடப் புடிக்கும்'னு இந்தில கேட்டேன். மூணு வருஷமா அங்க சமைக்கிறேன், அவங்க சார் என்ன சொல்றாரோ அதத்தான் செய்யறது. அவங்க அப்டியே நின்னுட்டாங்க. அப்பறம் கத்திரிக்காய்னு சொன்னாங்க. அந்த வீட்ல இதுவர கத்திரிக்கா வாங்கினதே இல்ல அக்கா."

அன்று அவள் முகத்தில் இருந்ததை நான் எந்த மாணவர் முகத்திலும் அதுவரை பார்த்ததில்லை. பாஸாகிவிடுவாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பொருள்கள் தீர்ந்தன, ஆறும் ஜன்னல்களும் தீர்ந்தன. மிச்சம் இருந்தது நான். அதற்கு நான் தயாராக இருக்கவில்லை.

ஆரம்ப நிலைப் பாடத்துக்கு ஒரு குணம் உண்டு. அதில் சுற்றி வளைக்க வார்த்தையே கிடையாது. 'கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே' என்றெல்லாம் பாய் விரித்துவிட்டுக் கேட்க முடியாது. இருப்பது யார், எங்கே, ஏன், எப்போது, அவ்வளவே. ஒரு மதியம் அவள் ஜெர்மனில் கேட்டாள்: உங்களோடு யார் வசிக்கிறார்?

பழக்கத்தில் என் வாய் சொன்னது: என் நாய்.

நாய் எங்கே? நான் பார்க்கவில்லை.

ஏரிக்கரை வீட்டில் இருக்கிறது.

ஏரி எங்கே?

எழுந்து டீ போடப் போகலாமா என்று பார்த்தேன். அவள் நகரவில்லை. நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த அதே பொறுமையோடு, அவசரமே இல்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏரி இல்லை, என்றேன். நாய் இல்லை. நான் தனியாக வசிக்கிறேன்.

உங்கள் கணவர் எங்கே?

குர்கானில்.

ஏன்?

எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்டீர்களா?

இந்த ஃபிளாட்டில் நான் எட்டு வருஷமாகத் தனியாக இருக்கிறேன். அக்கம்பக்கத்தார், பழைய அலுவலக நண்பர்கள், என் சொந்தத் தங்கை, ஒருவரும் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் என் மனசு புண்படக் கூடாதென்று பெரிய மனசோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். பதினோரு வருஷக் கல்யாணம் முடிந்து அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு நானும் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். திமிர்தான், வேறென்ன. இல்லை, என்று ஜெர்மனில் சொன்னேன். நான் கேட்கவில்லை. சின்ன வாக்கியம். ஆரம்ப நிலை மாணவருக்குக்கூட வரும். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லத் தேவையான ஜெர்மன் அவளிடம் இல்லை. அதனால் நான் பிழைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலேயே, அவள் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அதுவும் ஜெர்மனில்தான். தமிழில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.

என் கணவர் ஞாயிறு ஃபோன் செய்கிறார். அவர் கேட்கிறார்: தேர்வு? நான் சொல்கிறேன்: ஃபெயில். அவர் சொல்கிறார்: படி. அவர் கேட்கவில்லை: நீ எப்படி இருக்கிறாய்? அவர் சொல்லவில்லை: வா. இரண்டு வருஷம். அவருக்கு நான் வேண்டுமா? எனக்குத் தெரியாது.

வெயில் போய்விட்டிருந்தது. நான் தமிழுக்குத் திரும்பி, "கேட்டுடேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"பாஸான பெறகுதான் கேக்கணும் அக்கா. இப்பக் கேட்டா, ஃபெயிலானதுக்கு சாக்கு தேடறேன்னு நெனப்பாரு. பாஸாயிட்டு, கையில பேப்பரை வெச்சிக்கிட்டுக் கேக்கணும். வேணாம்னு சொன்னா வேணாம். வேணும்னா போறேன். தெரியாம போயி அந்த ஊர்ல நான் யாரக் கேப்பேன்?"

அதன் பிறகு எங்கள் வகுப்பில் விளையாட்டு குறைந்துவிட்டது. தேர்வு அவளுக்கு இப்போது விசாவுக்கு மட்டும் தேவையாக இல்லை, அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் தகுதிக்கும் தேவையாக இருந்தது. மூன்றாவது தேர்வுக்கு முந்தைய வாரம் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மயூர் விஹாரில் எந்தக் கோயிலைக் கடந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை நான்.

தேர்வு அன்று பிரகாசமான முகத்தோடு வெளியே வந்தாள். எதிரே உட்கார்ந்தவள் கல்லூரிப் பெண்ணாம், பயத்தில் அவளுக்குக் குரலே வரவில்லையாம். இவளுக்கு வந்த சீட்டு 'ஞாயிற்றுக்கிழமை'. ஒரு கேள்விதான் கேட்கவேண்டும். இவள் ஞாயிறு என்ன செய்வாய் என்று கேட்டு, அந்தப் பெண் திணறியதும் எளிதாக்கி, வீட்டிலா வெளியிலா என்று கேட்டு, யாரோடு என்று கேட்டு, கடைசியில் தேர்வாளர் சிரித்துக்கொண்டே போதும் போதும் என்று கையைக் காட்டினாராம். பத்து நாளில் முடிவு வந்தது. பேச்சில்தான் அதிக மதிப்பெண்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விசாப் படிவங்களை நிரப்ப என் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்கள். ஒன்றரை மணிக்கு ஃபோன் அடித்தது. அங்கே காலை, கடை திறப்பதற்கு முன்னால் அவர் கூப்பிடும் நேரம். அவள் ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். திரையில் ஒரு சமையலறை, எவர்சில்வர் பாத்திர அடுக்கு, அதன் முன்னால் வெள்ளை ஏப்ரனில் ஒல்லியாக ஓர் ஆள். நான் படத்தில் விழாமல் ஒதுங்கி எழுந்தேன். அவள் மேஜையோரமாக என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்லாம் குடுத்துட்டியா?" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜெர்மனில் கேட்டாள். எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாளோ, ஒரு எழுத்துப் பிசகில்லை. நான் வருவதை நீங்கள் விரும்புகிறீர்களா?

அவர் ஃபோனைக் காதோரம் கொண்டுபோனார்.

"என்னா சொல்ற? ஒண்ணும் புரியல."

அவள் மறுபடி கேட்டாள்.

"ஏ, எனக்கு அதெல்லாம் வராது. இங்க கிச்சன்ல எல்லாரும் பஞ்சாபிக்காரங்க, இந்திதான் ஓடுது. சமையல்காரனுக்கு டெஸ்ட்லாம் கெடையாது. தமிழ்ல சொல்லு."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அங்கேயே இரண்டு வருஷம் இருப்பவருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. இங்கே திரிலோக்புரியில் இருப்பவள் அதற்காக மூன்று முறை தேர்வு எழுதியிருக்கிறாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. ஜெர்மனில் அவளுக்கு இருந்த தைரியம் எல்லாம் ஜெர்மனிலேயே நின்றுவிட்டது. அந்த மொழியில் அவள் யாருடைய மருமகளும் இல்லை, யார் வீட்டுச் சமையல்காரியும் இல்லை. தமிழில் அவள் எல்லாமும்தான். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எடுத்துக்கொடுக்க என்னிடம் பதமான வாக்கியங்கள் நாலைந்து தயாராக இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது.

"நான் அங்க வர்றது உங்களுக்கு வேணுமான்னு கேட்டேன்."

அங்கே எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"என்ன இப்டிக் கேக்கற," என்றார். பிறகு குரல் ஒருமாதிரி இறங்கி, "வேணும்" என்றார். அதற்கும் பிறகு, "நான் ஒன்னக் கேக்கவே இல்ல, இல்ல? ஒனக்கு?" என்றார்.

கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறவள். நாற்பது வகுப்பில் ஒரு கேள்விக்குக்கூட அவள் தடுமாறியதில்லை. இப்போது திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டிலிருந்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அது நான் இருந்து கேட்கவேண்டிய பதில் இல்லை என்று பால்கனிக்கு நடந்தேன். கதவைச் சாத்துவதற்குள் அவள் குரல் வந்துவிட்டது.

"எனக்கும் வேணும். ஆனா வந்தா நான் நெறைய கேப்பேன். நீங்க பதில் சொல்லணும்."

கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் நின்றேன். 'உனக்கு?' ஒரே ஒரு வார்த்தை. பதினோரு வருஷத்தில் எங்கள் வீட்டில் என் கணவரும் என்னை அப்படிக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நன்றாகத் தமிழ் தெரியும்.